பென்டிரைவ் ஒன்று போதுமா? லினக்ஸ் கணினிக்கு அவசர மீட்பு வட்டு தயாரிப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். பினாங்கு ஸ்திரீட் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறீர்கள். கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை என்று பல வருட டிசைன் கோப்புகள் எல்லாம் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் ஒரே கணினியில் இருக்கின்றன. அதை அமைத்துக் கொடுத்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பழைய புத்தகம் ஒன்றில் 'பூட் ஃபிளாப்பி ஒன்று, ரூட் ஃபிளாப்பி ஒன்று செய்து பத்திரமாக வையுங்கள்' என்று படித்திருக்கிறீர்கள். இப்போது ஃபிளாப்பி ஏது? அதனால் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் இமேஜை (நிறுவல் வட்டின் முழு நகலான கோப்பு) ஒரு பென்டிரைவில் எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டு, இது போதுமா என்று கேட்கிறீர்கள்.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து சுவிட்சைத் தட்டும்போது கணினி எழும்பவில்லை என்றால், கையில் என்ன இருந்தால் மதியத்துக்குள் மறுபடி வேலை ஓடும்? நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பென்டிரைவ் அதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. அது தனியாக எழும்பும். ஆனால் உங்கள் கணினியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதைவிட முக்கியமாக, அந்தப் பென்டிரைவை அந்தக் கணினியில் செருகி ஒரு தடவையாவது எழுப்பிப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படிப் பார்க்காதவரை அதை மீட்பு வட்டு என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1996லிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் யூனிக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இப்போது சிறு கடைகள், கிளினிக்குகளுக்கு அதே வேலையைச் செய்து கொடுக்கிறேன். 1998இல் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பதிவுகளைச் சேர்க்கும் லினக்ஸ் கணினி ஒன்று இருந்தது. புத்தகத்தில் சொன்னபடியே இரண்டு ஃபிளாப்பி செய்து, அழகாகப் பெயர் எழுதி ஒட்டி, ஸ்டோர் அறை டிராயரில் வைத்திருந்தோம். ஓர் இரவு ஷிஃப்டில் பூட் லோடர் (சுவிட்ச் போட்டதும் சிஸ்டத்தை ஏற்றிவிடும் சின்ன நிரல்) கெட்டுப்போய்க் கணினி எழும்பவில்லை. முதல் ஃபிளாப்பி போட்டேன், கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஏறியது. இரண்டாவதைப் போடச் சொல்லித் திரையில் வந்தது. போட்டேன். பாதி வரை கரகரவென்று படித்தது, அப்புறம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் வட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். ஏர்கான் இல்லாத அந்த அறையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் போனது என்பது என் ஊகம். அதை நிரூபிக்க முடியாது. செய்து வைத்த நாளிலேயே அந்த ஃபிளாப்பி சரியாக எழுதப்படாமல் இருந்திருக்கவும் கூடும். ஏனென்றால் நாங்கள் ஒரு தடவைகூட அதை வைத்து எழுப்பிப் பார்க்கவில்லை. பக்கத்து ஆபீஸ் கணினியில் புதிதாக ஒன்று செய்து எடுத்து வந்து முடிக்கும்போது விடிகாலை நான்கு மணி.

அந்தக் காலத்தில் இரண்டு ஃபிளாப்பி ஏன் தேவைப்பட்டது என்றால், ஒன்றில் 1.44 எம்பிதான் பிடிக்கும். ஒன்றில் கர்னல், மற்றதில் சுருக்கி வைத்த சின்ன ஃபைல் சிஸ்டம், அது நினைவகத்தில் விரிந்து ஓடும். ஃபிளாப்பியையே 1.722 எம்பிக்கு ஃபார்மேட் செய்து, எல்லாவற்றையும் ஒரே வட்டில் அடக்கிய 'டாம்ஸ்ஆர்டிபிடி' என்ற மீட்பு வட்டை அப்போது பலரும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். 2.6 கர்னலோடு, ஃபிளாப்பியிலிருந்து கர்னல் நேரடியாகத் தானே எழும்பும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தின் ஒரு துண்டு இன்னும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. டெபியனின் மீட்பு ஃபிளாப்பியில் எல்லாக் கட்டளைகளையும் ஒரே சின்னக் கோப்பாக அடக்குவதற்காக 1995இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியதுதான் பிஸிபாக்ஸ். இன்றைக்கும் டெபியன் எழும்பும்போது ரூட் வட்டு (சிஸ்டம் குடியிருக்கும் பகுதி) கிடைக்கவில்லை என்றால் கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை வந்து நிற்கும். அங்கே உங்களிடம் பேசுவது அதே பிஸிபாக்ஸ்தான்.

இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். நம் ஊரில் சாயங்கால இடிமழை, கரண்ட் போய் வருவது எல்லாம் சகஜம். அதற்கு மறுநாள் காலையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இந்தத் திரையைத்தான். 'ரூட் ஃபைல் சிஸ்டத்துக்குக் கையால் எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும்' என்று பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) பெயரோடு ஒரு வரி இருக்கும். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் கட்டளை. அந்த இடத்திலேயே அதை அந்தப் பெயரோடு கொடுத்து, முடிந்ததும் எக்ஸிட் அடித்தால் பெரும்பாலும் கணினி எழுந்துவிடும். மீட்பு வட்டே வேண்டாம். அதே மாதிரி, புதுக் கர்னல் ஏறிய பிறகு எழும்பவில்லை என்றால், கிரப் என்ற பூட் லோடரின் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். மீட்பு வட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். (கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

சரி, மீட்பு வட்டு கட்டாயம் தேவைப்படும் நேரம் எது? ஒரு உதாரணம் சொல்கிறேன். யாரோ பேக்கப்புக்காக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை எஃப்எஸ்டேப் கோப்பில் (எழும்பும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) ஒரு வரியாக எழுதி வைத்திருப்பார்கள். அந்த டிஸ்க்கை ஒருநாள் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவீர்கள். மறுநாள் கணினி எழும்பும்போது, இல்லாத டிஸ்க்குக்காக 1 நிமிடம் 30 விநாடி காத்திருக்கும். சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடும். அப்புறம் அவசர நிலைக்குப் போய், 'ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது' என்று ஒரு வரி. இங்கே ரூட் என்பது நிர்வாகியின் கணக்கு. நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். கோப்புகளுக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் உள்ளே போகக் கதவு இல்லை. இந்த மாதிரி நேரத்தில் வெளியிலிருந்து ஒரு பென்டிரைவால் எழுப்பி, வட்டை மவுண்ட் செய்து (சிஸ்டத்தோடு இணைத்து), எஃப்எஸ்டேபில் அந்த வரிக்கு 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. பூட் லோடர் அழிந்துபோவது, பார்ட்டிஷன் டேபிள் கெடுவது, யாராவது தெரியாமல் முக்கியமான கோப்பின் உரிமைகளை மாற்றிவிடுவது எல்லாம் இதே வகை.

இப்போது எந்த இமேஜ் என்று பார்ப்போம். உபுண்டு வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், செய்யும். ஆனால் டெபியன் கணினிக்கு டெபியன் நிறுவல் இமேஜையே முதல் மீட்பு வட்டாக வைக்கச் சொல்வேன். 'நெட்இன்ஸ்ட்' என்ற சின்ன இமேஜ் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். பலருக்குத் தெரியாத விஷயம், அதன் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ரெஸ்க்யூ மோட்' என்று ஒன்று இருக்கிறது. நிறுவுவது போலவே மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் எந்த பார்ட்டிஷன் உங்கள் ரூட் என்று கேட்கும். சொன்னால் அதற்குள்ளேயே ஒரு ஷெல் (கட்டளை அடிக்கும் திரை) திறந்து கொடுக்கும். கிரப்பை மறுபடி நிறுவவும் மெனுவிலேயே வழி உண்டு. டெபியன் 12லிருந்து, திறந்த மூலம் இல்லாத ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்) அதிகாரபூர்வ இமேஜிலேயே வருகிறது. நெட்வொர்க் கார்டுக்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் எழும்பவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியிலும் எழும்பும். 2019இல் வந்த டெபியன் 10லிருந்தே அந்த ஆதரவு இருக்கிறது. இரண்டாவது பென்டிரைவாக சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸ் இருந்தால் நல்லது. கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து தரவை எடுக்கும் டிடிரெஸ்க்யூ, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் எல்லாம் அதில் தயாராக இருக்கும்.

ஒரே பென்டிரைவில் பல இமேஜ்களைக் கோப்பாகப் போட்டு வைக்கும் வென்டாய் பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். வசதியான கருவிதான், நானும் என் பையில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல் தடவை ஒரு சாவியைப் பதிவு செய்யச் சொல்லி நீலத் திரை வரும். முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் திரையை முதல்முறையாகச் சந்திக்க வேண்டாம். அவசரத்துக்கென்று வைக்கும் முதல் வட்டு, ஒரே இமேஜை நேராக எழுதியதாக, எளிமையாக இருக்கட்டும்.

பென்டிரைவ் வாங்கும்போது ஒரு வார்த்தை. 8 ஜிபி போதும், ஒன்றுக்கு இருபது முப்பது மலேசிய வெள்ளிக்குள் நல்லதே கிடைக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மலிவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவு பென்டிரைவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். 128 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே நிஜமாக இருப்பது 8கூட இருக்காது. எழுதும்போது பிழை காட்டாது, படிக்கும்போதுதான் தெரியும். எஃப்3 என்ற சின்னக் கருவி டெபியனிலேயே உண்டு. அதை வைத்து முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்துவிடலாம்.

எழுதுவதற்கு முன், இமேஜ் பிழையில்லாமல் இறங்கியதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். டெபியன் தளத்திலேயே இமேஜின் பக்கத்தில் அந்தக் கோப்பு இருக்கும். அப்புறம் பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒரு தடவை, செருகிய பின் ஒரு தடவை, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்து, புதிதாக வந்த பெயர் எது என்று கண்ணால் பாருங்கள். இமேஜைப் பென்டிரைவில் எழுதும் டிடி கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது. எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்தால், மீட்பு வட்டு செய்யப் போய் மீட்க வேண்டிய டிஸ்க்கையே அழித்துவிடும். முழு டிரைவின் பெயருக்கு எழுத வேண்டும்; பின்னால் 1 என்ற எண் உள்ள பார்ட்டிஷனுக்கு எழுதினால் எழும்பாது. எழுதி முடித்ததும் சிங்க் கட்டளை கொடுத்து, அது திரும்பி வரும்வரை பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். நான் இந்த வேலையை அந்த முக்கியமான கணினியில் செய்வதே இல்லை, என் மடிக்கணினியில்தான் செய்வேன்.

இப்போது உங்கள் பென்டிரைவில் இல்லாத அந்த மறுபாதிக்கு வருகிறேன். அது உங்கள் கணினியின் ஜாதகம். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆகிறது, எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பகிரும் முறை) இருக்கிறதா, என்கிரிப்ஷன் (தரவைக் கடவுச்சொல்லால் பூட்டுவது) இருக்கிறதா, என்னென்ன பேக்கேஜ் நிறுவியிருக்கிறது என்பதெல்லாம். கணினி நன்றாக ஓடும்போது இரண்டு நிமிடத்தில் எடுக்கக்கூடிய விவரம், படுத்துவிட்ட பிறகு அரை நாள் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். டிடியால் எழுதிய பென்டிரைவில் மேற்கொண்டு கோப்புகளைச் சேர்ப்பது வசதியாக இருக்காது. அதனால் இதற்கென்று இன்னொரு சின்ன பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் தெரிவோடு கொடுத்தால் வருவதை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். எஸ்ஜிடிஸ்க் கட்டளையின் பேக்கப் தெரிவால் பார்ட்டிஷன் டேபிளின் நகல் ஒன்று. ஜிபிடி என்ற வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள வட்டின் கடைசியிலும் ஒரு நகல் தானாகவே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தவறான டிஸ்க்கில் புதுப் பார்ட்டிஷன் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து மாறிவிடும். அப்புறம் சிஸ்டத்தின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டர் முழுவதும், ஒரே கட்டாகச் சேர்த்த ஒரு டார் கோப்பாக. பேக்கேஜ் பட்டியலுக்கு டிபிகேஜி கட்டளையின் கெட்-செலக்ஷன்ஸ் தெரிவு. இவ்வளவும் சேர்ந்து சில எம்பிதான் வரும்.

டார் கோப்பைத் திரும்ப விரிக்கும்போது ஒரு சின்ன விஷயம் ஆட்களைக் கவிழ்க்கும். மீட்பு வட்டிலிருந்து எழுப்பிய நிலையில் டார், பயனர் பெயர்களை அந்த மீட்பு சிஸ்டத்தின் பட்டியலோடு பொருத்தப் பார்க்கும். இரண்டிலும் ஒரே பெயருக்கு வேறு வேறு எண் இருந்தால் கோப்புகளின் உரிமையாளர் மாறிவிடுவார். நியூமெரிக்-ஓனர் என்ற தெரிவைச் சேர்த்தால் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும்.

என்கிரிப்ஷன் இருந்தால் மட்டும் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். எல்எஸ்பிஎல்கே பட்டியலில் 'கிரிப்டோ லக்ஸ்' என்று எங்காவது தெரிந்தால், வட்டின் தொடக்கத்தில் லக்ஸ் ஹெடர் என்ற ஒரு பகுதி இருக்கிறது என்று அர்த்தம். லக்ஸ் 2 வகையில் அது பொதுவாக 16 எம்பி. உங்கள் கடவுச்சொல் நேரடியாகத் தரவைத் திறப்பதில்லை. ஹெடருக்குள் இருக்கும் உண்மையான சாவியைத்தான் திறக்கிறது. அந்த ஹெடர் அழிந்தால், கடவுச்சொல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் தரவு போனது போனதுதான். உலகத்தில் எந்த மீட்பு வட்டாலும் முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கிரிப்ட்செட்டப் கட்டளையில் லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற தெரிவு ஒரு நொடியில் நகல் எடுத்துவிடும். ஆனால் அந்த நகலைப் பூட்டிய இடத்தில் வையுங்கள். நாளைக்கே கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய ஹெடர் நகலும் பழைய கடவுச்சொல்லும் ஒருவரிடம் இருந்தால் அவர் உங்கள் டிஸ்க்கைத் திறந்துவிடலாம்.

அடுத்தது யூஇஎஃப்ஐ, பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த, கணினியை எழுப்பும் முறை. என்னைப் பலமுறை நிறுத்தி வைத்த இடம் இது. சில வருடங்களுக்கு முன் ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பூட் லோடர் போயிருந்தது, தெரிந்த வேலைதான். பென்டிரைவைச் செருகி, ரூட்டை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளையால் அந்தச் சிஸ்டத்துக்குள்ளே போய், கிரப்பை மறுபடி நிறுவும் கிரப்-இன்ஸ்டால் கொடுத்தேன். 'இந்த சிஸ்டத்தில் இஎஃப்ஐ வேரியபிள்கள் ஆதரிக்கப்படவில்லை' என்று வந்தது. வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், எண் கூப்பிட முடியவில்லை. முக்கால் மணி நேரம் எதையெதையோ பார்த்தேன். கடைசியில் விஷயம் இதுதான்: அந்தக் கணினியின் பூட் மெனுவில் என் பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிந்தது, ஒன்று வெறும் பெயரோடு, மற்றது 'யூஇஎஃப்ஐ' என்று முன்னால் எழுதி. அவசரத்தில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பழைய பயோஸ் முறையில் எழும்பிய சிஸ்டத்தால் ஃபர்ம்வேரின் பூட் பட்டியலில் எழுத முடியாது. மறுபடி எழுப்பி இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்ததும் அதே கட்டளை ஒரு நிமிடத்தில் முடிந்தது. உங்கள் கணினி எந்த முறையில் எழும்புகிறது என்று இப்போதே பார்க்கலாம். சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய முறை. மீட்பு வட்டையும் அதே முறையில்தான் எழுப்ப வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மீட்பு வட்டின் உயிர் இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. முதலில் பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியை ஒழுங்காக நிறுத்துங்கள். பென்டிரைவைச் செருகி, மறுபடி போட்டு, பூட் மெனு விசையைத் தட்டுங்கள். அது எஃப்12ஆ, எஃப்11ஆ, எஃப்8ஆ என்பது தாய்ப்பலகையைப் பொறுத்தது. கண்டுபிடித்ததும் ஒரு அட்டையில் பேனாவால் எழுதுங்கள். யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள், ரெஸ்க்யூ மோட் உள்ளே போங்கள். உங்கள் ரூட் பார்ட்டிஷனைக் கேட்கும் இடத்தில் பட்டியலைப் பாருங்கள்: உங்கள் டிஸ்க் தெரிகிறதா? தெரியாவிட்டால் அதை இன்றைக்குக் கண்டுபிடித்தது பெரிய லாபம். ஷெல் வந்ததும் எல்எஸ் கொடுத்து டிசைன் ஃபோல்டருக்குள் போங்கள். போன வருடத் தைப்பூச நோட்டீஸ் கோப்பின் பெயர் திரையில் தெரிய வேண்டும். அதை ஜாதக பென்டிரைவுக்கு நகல் எடுத்து, பிறகு வேறு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துகள் சரியாக வந்தால் வட்டு, ஃபைல் சிஸ்டம், உங்கள் கை மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். நெட்வொர்க் வருகிறதா என்றும் ஒரு பிங் கொடுத்துப் பாருங்கள். எந்த வரிசையில் என்ன செய்தீர்கள் என்று அந்த அட்டையிலேயே எழுதுங்கள், உங்கள் கணினியின் உண்மையான பார்ட்டிஷன் பெயர்களோடு. பதற்றத்தில் இருக்கும் மனிதனுக்குப் பொதுவான கையேடு உதவாது, 'இரண்டாவது வரியைத் தேர்ந்தெடு' என்று தன் கையெழுத்தில் இருப்பதுதான் உதவும். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் வேறொருவர் படிக்க வேண்டி வரலாம், அதனால் தமிழிலேயே எழுதுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவையும், டெபியனை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் கிடக்கும் பென்டிரைவ் தரவை மறக்கக்கூடும் என்பது ஒரு காரணம். எத்தனை வருடத்தில் என்பது சில்லின் தரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். இன்னொரு காரணம் திட்டமானது. பழைய மீட்பு வட்டு புது ஃபைல் சிஸ்டத்தைக் கையாள மறுக்கலாம். 2023இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47 (எஃப்எஸ்சிகே அடங்கிய கருவித் தொகுப்பு), புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் சில அம்சங்களை இயல்பாகவே இயக்கி வைத்தது. அதற்கு முந்தைய எஃப்எஸ்சிகே அவற்றைப் பார்த்தால் 'ஆதரிக்கப்படாத அம்சம்' என்று சொல்லி நின்றுவிடும். மீட்பு வட்டு, மீட்க வேண்டிய சிஸ்டத்தின் வயதோ அதைவிட இளையதாகவோ இருக்க வேண்டும்.

மீட்பு வட்டால் ஆகாதவை பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, எஃப்எஸ்சிகே எழுத எழுத நிலைமை மோசமாகும். முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து வேறொரு நல்ல டிஸ்க்குக்கு முழு நகல், அப்புறம் அந்த நகலின் மேல்தான் எந்தச் சிகிச்சையும். டிடிரெஸ்க்யூவுக்கு ஒரு மேப் கோப்பையும் மறக்காமல் கொடுங்கள், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்எஸ்டி திடீரென்று பட்டியலிலேயே இல்லாமல் போனால் இது எதுவும் உதவாது; பேக்கப் மட்டும்தான் வழி. நீங்கள் பேக்கப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மீட்பு வட்டு கணினியை எழுப்பும். அழிந்த டிசைனைத் திருப்பிக் கொண்டு வராது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முதலில் பேக்கப்பைச் செய்யுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ஹார்ட்வேர் ரெய்டு கார்டு இருந்தால் நான் மேலே சொன்ன பார்ட்டிஷன் வேலைகள் எதையும் என் பேச்சைக் கேட்டுச் செய்ய வேண்டாம். அதை நேரில் பார்க்காமல் ஆலோசனை சொல்வது சரியில்லை.

கேள்வியின் கடைசியில், முதலாளியின் தம்பி, ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டம் ஓடும் கணினி ஒன்று வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குத் தனி மீட்பு வட்டு தேட வேண்டியதில்லை. பென்டிரைவுக்கென்று வரும் அதன் மெம்ஸ்டிக் நிறுவல் இமேஜிலேயே, நிறுவாமல் அப்படியே ஓடும் லைவ் நிலை ஒரு தெரிவாக இருக்கிறது. அதையும் அந்தக் கணினியிலேயே எழுப்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

தைப்பூச நோட்டீஸ் வேலை தொடங்கிவிட்டால் உங்கள் அச்சகத்தில் ஞாயிறும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே எல்எஸ்பிஎல்கே எஃப் கொடுத்து, வருவதை இங்கே போடுங்கள். யூயூஐடி என்ற அடையாள எண்களை மட்டும் அழித்துவிட்டுப் போட்டால் போதும். லக்ஸ் இருக்கிறதா, எல்விஎம் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் அட்டையில் எழுத வேண்டிய வரிகளை அந்தப் பெயர்களோடு சொல்கிறேன்.